முதுகில் ஜிப் வைத்த உடுப்பு

அன்புள்ள நங்கைக்கு,

கணவரின் அக்காவை நங்கை என்று அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இந்த ஒரு வரி, இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காக. கல்யாணமாகி வந்த நாள் முதல் உங்களை வேறு பெயரில் நான் கூப்பிட்டதில்லை. இப்போது புதிதாக ஒன்று தேடவும் மனமில்லை.

நீங்கள் முதலில் கேட்கக்கூடியதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நன்றாக இருக்கிறேன். சாப்பிட்டாயிற்று. காலை மாத்திரையும் போட்டாயிற்று. நீங்கள் எனக்குத் தைத்த உடுப்பு சாம்பிள் அறையில் அதே ஆணியில்தான் தொங்குகிறது. அதன் முதுகில் மட்டும் புதிதாக ஒரு தையல் ஏறியிருக்கிறது, கழுத்திலிருந்து இடுப்பு வரை. அது எப்படி வந்தது என்பதை உங்களிடம் சொல்லாமல் எனக்கு மனசு ஆறாது.

அந்த உடுப்பு பிறந்த கதை உங்களுக்கு மறந்திருக்காது. நெருப்பெரிச்சல் தோட்டத்தின் முன்பாதியில் பனியன் கம்பெனி, மாடியில் வீடு, பின்பாதியில் தென்னையும் முருங்கையும். முருங்கை நன்றாகக் காய்க்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நீங்கள் தேனீப் பெட்டி வாங்கி வந்தீர்கள். இரண்டாக வந்தது ஐந்தாகப் பெருகியது. உடம்பை மூட உடுப்பு வேண்டும் என்றதும் நாம் செய்த காரியம், திருப்பூர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. கம்பெனியில் கிடந்த பனியன் துணியிலேயே தைத்தோம். நமக்குத் துணி என்றால் அதுதானே. வேர்த்ததும் அது தோலோடு ஒட்டிக்கொண்டது. தேனீக்கள் துணியைத் துணியாகவே மதிக்கவில்லை. உங்களுக்குத் தோளெல்லாம், எனக்கு முழங்கையெல்லாம் கொட்டு.

"வெளிநாட்டுக்காரன் நம்ம துணிய மெத்துமெத்துன்னு இருக்குதுன்னு வாங்கறான் கண்ணு. தேனீக்கும் அப்படித்தான் இருக்கும்போல" என்று சுண்ணாம்பைக் குழைத்துத் தடவிக்கொண்டே சிரித்தீர்கள்.

அப்புறம் மங்கலத்தில் விசைத்தறி வைத்திருக்கும் உங்கள் சிநேகிதியிடமிருந்து கெட்டியான காடாத் துணி வந்தது. துணி சரி, அளவு? அப்போது கம்பெனியில் கைக்குழந்தைகள் தூங்கும்போது போடும், காலும் கையும் ஒன்றாகத் தைத்த உடுப்பு ஓடிக்கொண்டிருந்தது. பின்பக்கம் ஜிப் வைத்தது. சாம்பிள் செக்‌ஷனே உங்கள் பொறுப்பு. அந்தக் குழந்தை அளவை எடுத்து, சாக்பீஸால் கூட்டிக் கூட்டி, ஆள் அளவுக்கு ஏற்றிவிட்டீர்கள். தலைக்கு வலை. நாம் இரண்டு பேரும் ஆளுக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டு படியிறங்கியதைப் பார்த்த உங்கள் தம்பி, கையிலிருந்த டீயைக் கொட்டிக்கொண்டார்.

"ரெண்டு பாப்பாவும் எங்கீங்க கெளம்பீட்டீங்க? பால்புட்டி எடுத்துக்கிட்டீங்களா?"

"உன்னையாட்ட தொப்பை வெச்சிருந்தா இதுக்குள்ள நுழைய முடியாதுடா. பேசாத போ."

ஜிப்பை ஏன் முதுகில் வைத்தீர்கள் என்று கேட்டேன். முன்னால் வைத்தால் வலையும் ஜிப்பும் சேரும் இடத்தில், கழுத்துக்குக் கீழே, சந்து விழுகிறது, தேனீ அங்கேதான் நுழைகிறது என்றீர்கள். சரி, தனியாக எப்படிக் கழற்றுவது என்றேன்.

"தனியா எதுக்குக் கண்ணு போகோணும்? நாந்தான் இருக்கறனல்ல."

பிறகு என்னைத் திருப்பி நிறுத்தி ஜிப்பை மேலே இழுத்து, தோளைத் தட்டி, சாம்பிள் போட்டுப் பார்க்கும் எல்லோரிடமும் சொல்வதையே என்னிடமும் சொன்னீர்கள். "மூச்சு இழுத்துப் பாரு. இறுக்குதா?"

அதற்குப் பின் ஒவ்வொரு முறையும் அந்த வார்த்தை உண்டு. நான் இழுத்துப் பார்ப்பேன். இல்லீங்க நங்கை என்பேன். உண்மையில் அந்த உடுப்புக்குள் போன பிறகுதான் எனக்கு மூச்சே சரியாக வந்தது. இதை உங்களிடம் சொன்னதில்லை. பி.எஸ்சி. முடித்துவிட்டு மருமகளாக வந்தவள், மாடியில் சமையல், கீழே கம்பெனி, இரண்டுக்கும் நடுவே படிக்கட்டு. ஆபீஸ் அறையில் எனக்கு நாற்காலி கிடையாது. யாரும் வராதே என்று சொன்னதில்லை, வா என்றும் சொன்னதில்லை. பெட்டிகளிடம் போவதற்கு மட்டும் நான் யாரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. வலைக்குள் முகம் தெரியாது. யார் வீட்டு மருமகள் என்று தேனீக்களுக்குத் தெரியாது.

இனி உங்கள் மாத்திரைக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பெட்டி திறக்கும் நாளில் நீங்கள் பிரஷர் மாத்திரை போடமாட்டீர்கள். ஒளித்ததும் இல்லை. அட்டையை என் கண் முன்னாலேயே மேசை இழுப்பறைக்குள் தள்ளுவீர்கள்.

"ஏனுங்க நங்கை, டாக்டரு தெனமும் போடச் சொல்லித்தானுங்க எழுதியிருக்கறாரு?"

"மாத்திரை போட்ட அன்னிக்குக் கொட்டு வாங்குனா என்னமோ கெறக்கமா இருக்குது கண்ணு. போடாத அன்னிக்கு ஒண்ணும் பண்றதில்ல. நாளைக்குப் போட்டுக்கலாம் உடு."

நான் சண்டை போடுவேன். நீங்கள் சிரித்துவிட்டு, சாக்பீஸ் கையால் என் கன்னத்தைத் தட்டுவீர்கள். கடைசியாக முருங்கை பூத்த பருவத்தில் பெட்டிகள் வேகமாக நிறைந்தன. திறக்கும் நாட்கள் நெருங்கி நெருங்கி வந்தன. மாத்திரை போடாத நாட்களும் அப்படியே நெருங்கின. ஒரு காலையில் அளவு போடும் மேசைமேல் நீங்கள் சாய்ந்திருந்ததைப் பார்த்து, குனிந்து கோடு போடுகிறீர்கள் என்றே எல்லோரும் நினைத்தோம். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மாத்திரையை விட்டுவிட்டுப் போட்டால் இப்படித்தான் என்றார்கள். உங்கள் தம்பி ஆஸ்பத்திரி டாக்டரின் முன் கையைக் கட்டிக்கொண்டு, தானே அந்த மாத்திரையை மறந்துவிட்டவர் மாதிரி நின்றார்.

அதற்குப் பின் ஊரில் யாருக்குத் தலைவலி என்றாலும் "பிரஷர் பாத்தாச்சுங்களா?" என்று கேட்கிறவராக உங்கள் தம்பி மாறிவிட்டார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பார்த்தால், எனக்கும் இருந்தது. கூடவே நெஞ்சில் படபடப்பு. டாக்டர் வயதானவர், நிதானமானவர். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது.

"ஊட்ல தானுங்க இருக்கறாங்க."

நானும் தலையாட்டினேன். பொய் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவேயில்லை. தேனீ வளர்ப்பதை வேலை என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லையே. நீங்கள் சொன்னீர்களா? பிரஷருக்கும் படபடப்புக்கும் சேர்த்து ஒரே மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதை நான் ஒருநாள்கூட விடவில்லை. பெட்டி திறக்கும் நாளில் இன்னும் கவனமாகப் போட்டேன், உங்கள் முகத்தை நினைத்துக்கொண்டு. உங்களைப் போல ஏமாற மாட்டேன் என்று கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

உடுப்புதான் சிக்கலாக இருந்தது. ஜிப் போட்டுவிட ஆள் இல்லை. தலைமூடி வைத்த ஹூடி டி-ஷர்ட்டுக்குக் கோர்க்கிற நாடா ஒன்றை எடுத்து ஜிப் தலையில் முடிந்து, தோளுக்கு மேலே இழுத்து நானே மூடப் பழகிக்கொண்டேன். கீழே இழுத்தால் திறக்கும். நீங்கள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று தெரியும். அதனாலேயே உங்கள் மேசை இருக்கும் பக்கம் திரும்பாமல் போட்டுக்கொள்வேன்.

ஒருநாள் மூன்றாவது பெட்டியின் மூடியைத் திறந்திருந்தேன். கழுத்துக்குப் பின்னால் ரீங்காரம் கேட்டது. வெளியே இல்லை, உள்ளே. நாடா கோர்த்ததில் ஜிப் மேலே சரியாக மூடாமல் விரல் நுழையும் இடைவெளி இருந்திருக்கிறது. கொட்டியது. அது புதிதல்ல. பெட்டியை மூடிவிட்டு நகர்ந்தேன். உள்ளங்கை அரிக்கத் தொடங்கியது. உதடு தடித்தது. இது வேறு என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. நாடாவைப் பிடித்துக் கீழே இழுத்தேன். நாடா மட்டும் கையோடு வந்தது.

நங்கை, அந்த நேரத்தை எப்படிச் சொல்வது? உடுப்புக்குள் நான், என்னோடு அந்தத் தேனீ. கை முதுகுக்கு எட்டவில்லை. வலையைப் பிய்க்க விரலுக்குப் பலமில்லை. தென்னை மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. எனக்கு மூச்சு தந்த இடம் என்று சற்று முன் எழுதினேனே, அதே இடம்தான்.

கம்பெனியின் பின்கதவுவரை எப்படி வந்தேன் என்று நினைவில்லை. ஓவர்லாக் மிஷினில் இருந்த எஸ்தர்தான் முதலில் பார்த்தாள். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவள், என் வயதுதான். நீங்கள்தான் வேலைக்கு எடுத்தீர்கள்.

"ஏசுவே! யக்கா, என்ன செய்யுது? என்ன இப்படி முகமெல்லாம் வீங்கிக் கெடக்கு?"

ஜிப்பைத் தேடினாள். அதன் தலை கையில் அகப்படவில்லை. நூல் வெட்டும் ட்ரிம்மர் அவள் கழுத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து, என்னைக் குப்புறத் தள்ளி, ஜிப்புக்குப் பக்கத்தில் காடாத் துணியைக் கழுத்திலிருந்து இடுப்புவரை கிழித்துவிட்டாள். அப்போதும் எனக்கு ஒரு நினைப்பு ஓடியது: நங்கை தைத்த துணி போயிற்றே.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. தொடையில் ஊசி போட்டார். கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். இன்னொன்று போட்டார். அவர் எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மூச்சு இழுத்து விடுங்கம்மா, இழுத்து விடுங்க என்றார். எனக்கு உங்கள் குரல்தான் கேட்டது.

"என்ன வேல பாக்கறாங்க?" என்று உங்கள் தம்பியைக் கேட்டார்.

"ஊட்ல தானுங்க இருக்கறாங்க."

"ஊட்ல இருக்கறவங்களுக்குக் கழுத்துல எப்படிங்க தேனீ? தெனமும் மாத்திரை ஏதாச்சும் போடறாங்களா?"

உங்கள் தம்பி போனில் இருந்த மருந்துச் சீட்டின் படத்தைக் காட்டினார். டாக்டரம்மா அதைப் பார்த்த வேகத்தில் நர்ஸிடம் திரும்பி வேறொரு மருந்தைக் கொண்டுவரச் சொன்னார். அதற்குப் பிறகுதான் மரங்கள் நிமிர்ந்தன என்று சொல்லவேண்டும்.

மறுநாள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். எனக்குத் தேனீ விஷம் ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது. எத்தனையோ வருஷம் கொட்டு வாங்கியவர்களுக்கும் ஒருநாள் இப்படி ஆகலாம். அந்த நேரத்தில் உயிரைப் பிடித்து நிறுத்தும் ஊசி, நான் போடும் அந்த வகை மாத்திரை உடம்பில் இருந்தால் சரியாக வேலை செய்யாமல் போகலாம். அப்படியென்றால் மாத்திரையை விட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"அய்யோ, அத மட்டும் பண்ணிராதீங்கம்மா. நீங்களா திடீர்னு நிறுத்துனீங்கன்னா அது வேற ஆபத்து. பிரஷரு ஒரேயடியா ஏறும். உங்க டாக்டரப் பாத்துப் பேசுங்க."

அவர் போன பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மாத்திரை போட்ட நாளில் கிறக்கம் என்று நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. உங்கள் மாத்திரையும் இதே வகைதானா? அட்டையை அப்போதே தூக்கிப்போட்டுவிட்டோம், இனித் தெரிய வழியில்லை. ஒருவேளை நீங்கள் உணர்ந்தது சரியாகவே இருந்திருக்கலாம். டாக்டரிடம் போய், நான் தேனீயோடு இருக்கிறவள், எனக்குக் கிறக்கம் வருகிறது, வேறு மாத்திரை கொடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லவில்லை? அவரும் உங்களை என்ன வேலை என்று கேட்டிருப்பார். பக்கத்தில் உங்கள் தம்பி உட்கார்ந்திருந்தாரா?

நீங்கள் மாத்திரையை விட்டுப் போனீர்கள். நான் மாத்திரையை விடாமல் போகப் பார்த்தேன். இதை யாரிடம் சொல்லி அழுவது, சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் பழைய டாக்டரிடம் போனோம். "தேனீ வளக்கறதா எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லீங்களே?" என்றார். நான் உங்கள் தம்பியைப் பார்த்தேன். அவர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். டாக்டர் பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறொன்றுக்கு மாற்றினார். முதலில் கொடுத்தது சரிப்படவில்லை, படபடப்பு திரும்பியது. இப்போது போடுவதில் பிரஷர் அடங்குகிறது, கணுக்கால் வீங்குகிறது. சாயங்காலமானால் செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக நிற்கிறது. இது ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அவர் கடைசியாகச் சொன்னதுதான்: மாத்திரையை மாற்றியதால் ஊசி வேலை செய்யும், அவ்வளவே. கொட்டு வாங்கினால் மறுபடியும் அதேதான் நடக்கும். நீங்கள் பெட்டிப் பக்கம் போகவே கூடாதுங்கம்மா.

எல்லோரும் சரியாகத்தான் சொல்கிறார்கள், நங்கை. அதுதான் மூச்சு முட்டுகிறது. யாராவது ஒருவர் தப்பாகச் சொன்னால் அவரோடு சண்டை போட்டு வெளியே வரலாம். எல்லாப் பக்கமும் நல்லதாகவே சொன்னால் எந்தப் பக்கம் வெளியேறுவது?

அவசர ஊசி இப்போது எப்போதும் என் கைப்பையில் இருக்கிறது. அதைப் போட இரண்டு பேரும் பழகிக்கொள்ளவேண்டும் என்றார்கள். உங்கள் தம்பி சாத்துக்குடிப் பழத்தை மேசையில் வைத்து, வெறும் ஊசியால் குத்திக் குத்திப் பழகினார். குத்தும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணத் தொறந்துட்டுக் குத்துங்க. என்ற தொடை அங்கதான் இருக்கும், எங்கயும் ஓடாது."

"சிரிக்காத. அக்காளுக்கு மாத்திரை போடு போடுன்னு சொல்லி வாய் வலிச்சுது. நீ போட்டதுனால இப்படி ஆச்சு. நான் இனி எதைத்தான் சொல்றது?"

பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். கம்பெனியில் அத்தனை பேரை ஓட்டுகிற மனிதர். அன்றைக்கு எனக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. போன பாதி, மறுநாள் பெட்டிகளை எடுத்துப்போக ஆள் வரச் சொல்லிவிட்டேன் என்றபோது திரும்பி வந்தது.

அதற்குள் நாள் ஓடிவிட்டிருந்தது. பெட்டிகளை யாரும் திறக்கவில்லை. நான் சாம்பிள் அறை ஜன்னலில் நின்று பார்ப்பேன். கொசுவலை அடித்த ஜன்னல், அதற்கு அந்தப் பக்கம் முதல் பெட்டி கூப்பிடு தூரத்தில். அதன் வாசலில் தேனீக்கள் வந்து இறங்குவதும் கிளம்புவதும் தெரியும். வலைக்குள் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பழக்கம்தான். வலை என்னோடு நடந்து வராதது மட்டும் புதிது.

மங்கலம் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர் ஒருவர் பொழுது சாயும் நேரத்துக்கு வந்தார். தேனீக்கள் பெட்டிக்குத் திரும்பிய பிறகுதான் எடுக்கமுடியும். என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டு உங்கள் தம்பி அவரோடு பின்னால் போனார். ஜன்னலில் நின்று பார்த்தேன். முதலில் வரிசையின் கடைசிப் பெட்டியைத் தூக்கியவர், சட்டென்று கீழே வைத்துவிட்டார்.

"ஏனுங்க, இதுல ஒண்ணுமே இல்லீங்களே. எடம் ஆகலீன்னா போயிருமுங்க. நம்ம நாட்டுத் தேனீ அப்படித்தானுங்க, சொல்லிக்காமக் கெளம்பீரும்."

பெட்டியைச் சாய்த்துக் காட்டினார். வெறும் அடை. எப்போது போயின என்று எனக்குத் தெரியவில்லை. ஜன்னலிலேயே நின்றிருந்தும் நான் பார்க்கவில்லை. பொறாமையாக இருந்தது, நங்கை. அசிங்கமான, சுத்தமான பொறாமை. இடம் ஆகாவிட்டால் போய்விடலாம் என்பதை அவற்றுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

உங்கள் தம்பி ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். வலைக்கு அந்தப் பக்கம் அவர் முகம் சதுரம் சதுரமாகத் தெரிந்தது.

"என்ன பண்ணட்டும்? நீயே சொல்லு" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டு நான் அறியேன். எல்லாம் எடுத்துப் போகட்டும் என்று சொன்னால் நான் தப்பித்தேன். எதையும் தொடாதீர்கள் என்று சொன்னாலும் ஒரு வகையில் தப்பித்தேன். இரண்டும் சொல்ல வரவில்லை.

"ஜன்னலுக்கு நேர இருக்கறத மட்டும் உட்டுருங்க. மத்தது போகட்டும்."

"அதத் தொறக்கறது ஆரு?"

"நானில்லீங்க. அது மட்டும் நெசம்."

மற்ற பெட்டிகள் வண்டியேறின. நாம் இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்து வளர்த்தவற்றை, வாசலில் துணி அடைத்துக் கட்டிக்கொண்டு போனார்கள்.

இனி எஸ்தர் செய்ததைச் சொல்கிறேன். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அவள் அந்த உடுப்பைத் துவைத்து, கிழிந்த இடத்தை இரட்டைத் தையல் போட்டு, புது ஜிப் வைத்து, ஆணியில் மாட்டிவிட்டிருக்கிறாள். யாரும் சொல்லவில்லை.

"யக்கா, கிழிச்சதும் நாந்தான், தைக்கதும் நாந்தான். நல்லாருக்கா பாருங்க."

"நல்லாத்தானிருக்குது. ஆனா இனி இதுக்கு ஆளில்ல எஸ்தர்."

"ஏன், நான் ஆளு இல்லியா? பனையேறுத வீட்டுல பொறந்தவ நான். கடந்தைக் குளவி கொட்டாத நாளு உண்டா? எனக்கு அலர்ஜியும் கெடையாது, பிரஷரும் கெடையாது. சொல்லிக் குடுத்தா செய்வேன்."

"இப்ப இல்லைன்னா எப்பவும் வராதுன்னு கெடையாது. எனக்கும் முந்தி இல்லாமத்தான் இருந்துது."

டாக்டர் சரி என்றால்தான் பெட்டியைத் தொடலாம் என்ற நிபந்தனையோடு அவளை அவரிடம் கூட்டிப்போனேன். என்ன வேலை என்று கேட்டபோது நான் முந்திக்கொண்டேன். பனியன் கம்பெனியில் தையல், கூடவே தேனீ வளர்க்கப்போகிறாள் என்றேன். டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். பிரஷர் இல்லை. அரிப்பு, மூச்சுத் திணறல் என்று எது வந்தாலும் உடனே வரவேண்டும் என்று அவளிடம் சொன்னார்.

ஜிப்பை முன்பக்கம் மாற்றிவிடலாமா என்று எஸ்தர் கேட்டாள். உள்ளே போனால் வெளியே வர ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கிறதே, இது என்ன கூத்து என்றாள். மாற்றுவதற்கு அவளுக்கு ஒரு மதியம் போதும். நான் வேண்டாம் என்றேன். கழுத்துச் சந்து ஒரு காரணம். இன்னொன்றை அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். ஜிப் முதுகில் இருக்கும்வரை யாரும் தனியாகப் போகமுடியாது. நீங்கள் அப்படித்தான் தைத்தீர்கள். நாடா கட்டியதுதான் தப்பு. உள்பக்கம் ட்ரிம்மரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் இனி போவேன் என்று எஸ்தர் ஒரு முடிவு செய்திருக்கிறாள். அது அவள் பங்கு.

நேற்று முதல்முறையாகப் பெட்டியைத் திறந்தோம். திறந்தோம் என்று எழுதிவிட்டேன், பாருங்கள். திறந்தது அவள். நான் காலையில் மாத்திரை போட்டேன், கைப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன், சாம்பிள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவளைத் திருப்பி நிறுத்தி ஜிப்பை இழுத்தேன். மேல்வரை மூடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். தோளைத் தட்டினேன். பிறகு அது என் வாயிலிருந்து தானாக வந்தது.

"மூச்சு இழுத்துப் பாரு கண்ணு. இறுக்குதா?"

"இல்லக்கா."

அவள் வெளியே போனாள். நான் ஜன்னல் வலைக்குப் பின்னால் நின்றேன். மூடியை மெதுவாக எடு, மேலே ஊதாதே, ஓரமாக நில், அடைச் சட்டத்தைச் சாய்க்காமல் தூக்கு என்று கத்திக்கொண்டே இருந்தேன். ஒரு சட்டத்தைத் தூக்கி ஜன்னல் வலைக்கு அருகே கொண்டுவந்து வெயிலில் பிடித்துக் காட்டினாள். முட்டை இருந்தது, புழு இருந்தது. ராணி இருக்கிறது என்று அர்த்தம். எஸ்தருக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. என் கை வலையின்மேல் இருந்தது. அதற்கு மேல் போக இடமில்லை.

இப்படித்தான் இருக்கிறேன், நங்கை. வெளியே வந்துவிட்டேன் என்று உங்களை ஏமாற்றமாட்டேன். கணுக்கால் வீக்கம், கைப்பை, ஜன்னல், அதற்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு பெட்டி. நீங்கள் கேட்டால் இறுக்குகிறது என்றுதான் சொல்வேன். ஆனால் இழுத்துப் பார்க்கிறேன், மூச்சு வருகிறது.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். பெட்டி திறக்கும் நாளிலும் மாத்திரை போடுவேன். அது பிடிக்காவிட்டால் டாக்டரிடம் போய் என் வாயாலேயே சொல்வேன். என்ன வேலை என்று யார் கேட்டாலும் பக்கத்து நாற்காலி பதில் சொல்லும்வரை காத்திருக்கமாட்டேன். அந்த உடுப்பை யார் போட்டாலும் அதன் ஜிப்பை மூட ஒருத்தி பின்னால் நிற்பாள். நான் இருக்கும்வரை அது நான்.

இப்படிக்கு,
உங்கள் தம்பியின் மனைவி, தேனீ வளர்ப்பவள்,
சுமதி